மால்ட்டா

மால்ட்டா ஐரோப்பாவின் தெற்கே, மத்தியதரைக் கடலில் அமைந்துள்ள ஒரு தீவு நாடாகும். சிசிலித் தீவுக்குத் தெற்கே சுமார் 80 கிமீ தொலைவில் உள்ளது. இதன் தலைநகரம் வல்லெட்டா. 1964 இல் பிரித்தானியாவிடமிருந்து விடுதலை பெற்று, 1974 இல் குடியரசானது. 2004 இல் ஐரோப்பிய ஒன்றியத்தில் இணைந்தது.

புவியியல்

மால்ட்டா, கோசோ, கொமினோ ஆகியவை முக்கிய தீவுகளாகும். மொத்தப் பரப்பளவு 316 சதுர கிமீ. வற்றாத ஆறுகளோ ஏரிகளோ இங்கு இல்லை. மழை பெரும்பாலும் குளிர்காலத்தில் பெய்கிறது. கோடைக்காலம் வறண்டது.

மக்கள்

2021 கணக்கெடுப்பின்படி மக்கள்தொகை 519,562 ஆகும். ஐரோப்பிய ஒன்றியத்தில் மக்கள் அடர்த்தி மிகக் கூடிய நாடு இதுவே. பெரும்பான்மையோர் கத்தோலிக்கர். மால்ட்டிய மொழியும் ஆங்கிலமும் ஆட்சி மொழிகள். மால்ட்டிய மொழி அரபு மொழியிலிருந்து தோன்றியது; எனினும் இலத்தீன் எழுத்துக்களில் எழுதப்படுகிறது. இத்தாலிய மொழிச் சொற்கள் இதில் மிகுதியாகக் கலந்துள்ளன.

வளங்கள்

சுண்ணாம்புக்கல்லே முதன்மையான இயற்கை வளம். வீடுகள், கோட்டைகள், தேவாலயங்கள் பலவும் இக்கல்லால் கட்டப்பட்டவை. கடலோரப் பாத்திகளில் உப்பு விளைவிக்கப்படுகிறது. சுற்றுலா முக்கிய வருவாய்த் துறைகளுள் ஒன்றாகும்.

நன்னீர் மிக அரிய வளமாகும். சுண்ணாம்புப் பாறையில் ஊறி இறங்கும் மழைநீர், அடியிலுள்ள கடல்நீரின் மீது மிதந்து நிற்கிறது. இதனை அளவுக்கு மீறி இறைத்தால் உப்புநீர் மேலேறி, கிணறுகள் உவர்ப்பாகிவிடும். 1615 இல் கட்டி முடிக்கப்பட்ட விக்னகோர்ட் கால்வாய், உள்நாட்டு ஊற்றுகளிலிருந்து வல்லெட்டாவுக்குக் குடிநீர் கொண்டுவந்தது. இக்காலத்தில் குடிநீரின் பெரும்பகுதி கடல்நீரை நன்னீராக்கியே பெறப்படுகிறது. இதற்கு மின்சாரம் மிகுதியாகத் தேவைப்படுகிறது. எனவே இந்நாட்டின் குடிநீர் எரிபொருள் இறக்குமதியையும் சார்ந்துள்ளது.