பழைய மோரிஸ் மைனர் இன்ஜின்: எடைக்குப் போடுவதற்கு முன் எண்ணைப் பாருங்கள்

பழைய இரும்பு லோரி தாமானுக்குள் நுழைந்ததும், வீட்டின் பின்னால் கித்தான் போர்த்திக் கிடக்கும் கார் இன்ஜின்தான் பலருக்கும் முதலில் நினைவுக்கு வரும். அது தாத்தா ஓட்டிய மோரிஸ் மைனருடையதாக இருக்கலாம். பின்னாளில் டட்சன் 120ஒய் இன்ஜினை மாற்றிப் போட்டபோது கழற்றி ஓரமாக வைத்ததாக இருக்கலாம். தராசில் ஏறிவிட்டால் அது வெறும் வார்ப்பிரும்பு. கிலோ கணக்கில்தான் காசு. ஆனால், அதன் எண் காரின் கிராண்டில் உள்ள எண்ணோடு ஒத்துப்போனால் கதையே வேறு. இன்ஜினை விற்றுவிட்டுக் காரை வைத்திருப்பவர், காரின் மதிப்பில் ஒரு பகுதியையும் சேர்த்தே லோரியில் ஏற்றி அனுப்புகிறார்.

முதலில் இது எந்த இன்ஜின் என்று தெரிய வேண்டும். மோரிஸ் மைனர் 1948-இல் வந்தபோது அதில் 918 சிசி கொண்ட பழைய பாணி சைடு வால்வ் இன்ஜின் இருந்தது. 1952-இல் ஆஸ்டினின் ஏ-சீரிஸ் இன்ஜின் 803 சிசி அளவில் மைனருக்குள் வந்தது. 1956-இல் ‘மைனர் 1000’ 948 சிசி ஆனது. 1962-இல் 1098 சிசி. கார் உற்பத்தி 1971-இல் முடியும்வரை இந்த அளவே நீடித்தது. மூன்று ஏ-சீரிஸ் இன்ஜின்களும் வெளிப்பார்வைக்கு அண்ணன் தம்பி போல இருக்கும். பச்சை வண்ணத்தை நம்பிப் பயனில்லை. எந்தப் பட்டறையிலும் அதை அடித்துவிடலாம்.

ஓட்டுநர் பக்கம், டைனமோவைத் தாங்கும் பிடிக்கு மேலே, பிளாக்கில் ஒரு சிறு உலோகத் தகடு இருக்கும். மண்ணெண்ணெய் தொட்டுத் துணியால் துடைத்தால் எழுத்துகள் தெரியும். கம்பித் தூரிகையால் அழுத்தித் தேய்க்க வேண்டாம். ‘9எம்’ என்று தொடங்கினால் 948 சிசி மைனர். ‘9எம்-யு-எச்’ என்றால், எம் மோரிஸைக் குறிக்கும். யு என்பது தரையில் நடுவே உள்ள கியர் கம்பி. எச் உயர் அழுத்த வகை, அந்த இடத்தில் எல் இருந்தால் தாழ் அழுத்தம். ‘10எம்ஏ’, ‘10வி’ இரண்டும் 1098 சிசி. ‘ஏபிஎச்எம்’ என்ற நான்கு எழுத்துகள் 803 சிசி இன்ஜினுக்குரியவை.

ஒரு எச்சரிக்கை: தகடு ரிவெட் அடித்து ஒட்டியது. ஒரு பிளாக்கிலிருந்து கழற்றி இன்னொன்றில் அடிப்பது பெரிய வித்தையல்ல. கியர்பாக்ஸ் சேர்ந்தே இருந்தால் அதையும் பாருங்கள். 1098 இன்ஜினோடு வந்த கியர்பாக்ஸின் உறையில் வரிவரியாக மேடு இருக்கும். 948-இன் உறை வழவழப்பாக இருக்கும். கியர்பாக்ஸ் பின்னால் நீளாமல் இன்ஜினுக்கு அடியிலேயே எண்ணெய்த் தொட்டிபோல் ஒட்டியிருந்தால் அது மைனருடையதே அல்ல. மினி போன்ற முன்சக்கர இயக்கக் காருடையது. அப்படிப்பட்ட இன்ஜினில் எண் ‘9எஃப்’ என்று தொடங்கினால் மினி கூப்பர் வகை. விவரம் தெரிந்த மெக்கானிக்கிடம் காட்டாமல் அதற்கு விலை பேசக் கூடாது. காந்தமும் கைகொடுக்கும். ஏ-சீரிஸின் சிலிண்டர் ஹெட் இரும்பு, காந்தம் ஒட்டும். டட்சனின் ஏ12 இன்ஜினில் அது அலுமினியம்.

அளந்து பார்ப்பவர்களும் ஏமாறுவதுண்டு. மைனரின் 948-க்கும் பழைய மினியின் 848-க்கும் சிலிண்டர் விட்டம் ஒன்றே, 62.9 மில்லிமீட்டர். 1098-க்கும் 998-க்கும் 64.58. பிஸ்டன் ஏறி இறங்கும் தூரத்தையும் அளந்தால்தான் வேறுபாடு தெரியும்: 948-இல் 76.2, 1098-இல் 83.72. அதற்கு ஹெட்டைக் கழற்றியே ஆக வேண்டும்.

கழற்றியதும் பிஸ்டன் தலையில் உள்ள எண்ணைப் படியுங்கள். விலையைத் தீர்மானிப்பதில் பாதி வேலை அங்கேயே முடிந்துவிடும். 020, 040, 060 என்பவை சிலிண்டரை எத்தனை ஆயிரத்தில் ஒரு அங்குலம் கடைந்து பெரிதாக்கியிருக்கிறார்கள் என்பதற்கான அடையாளம். எண் இல்லையென்றால் பெரும்பாலும் இன்னும் கடையாத பிளாக். 060 என்றால் அடுத்த முறை கடைய இடமில்லை, ஸ்லீவ் போட வேண்டும். அந்தச் செலவை வாங்குபவர் விலையில் கழிப்பார். ஹெட்டில் நடுவிலுள்ள எக்ஸாஸ்ட் வால்வ் இருக்கைகளைச் சுற்றி விரிசல் இருக்கிறதா என்பதை வெளிச்சத்தில் பார்க்க வேண்டும். ராக்கர் கவரைத் திறந்தால் ஹெட்டின் வார்ப்பு எண் தெரியும். ‘12ஜி295’, ‘12ஜி940’ போன்ற எண்கள் இருந்தால், மினி பிரியர்கள் அந்த ஹெட்டை மட்டுமே தனியாகத் தேடி வருவார்கள்.

இறுகிப்போன இன்ஜினைப் பயனற்றது என்று முடிவுகட்ட வேண்டாம். பிளக்குகளைக் கழற்றி, ஒவ்வொரு சிலிண்டரிலும் கொஞ்சம் டீசல் ஊற்றிச் சில நாள் விட்டு, கிராங்க் புலியில் ஸ்பானர் போட்டு முன்னும் பின்னும் மெதுவாக அசைத்தால் பல வேளைகளில் இளகும். அதைக் காரில் ஏற்றி இழுத்து ஸ்டார்ட் செய்ய முயன்றவர்கள்தான் பிஸ்டனை உடைத்திருக்கிறார்கள்.

இனி விலை. நன்றாக ஓடும் அதே வகை இன்ஜின் என்ன விலைக்குப் போகிறது என்று பழைய கார் வைத்திருக்கும் இரண்டு மூன்று பேரிடம் விசாரித்து, அதிலிருந்து கடைசல், பிஸ்டன், பேரிங், கேஸ்கெட், கூலி ஆகியவற்றைக் கழித்துக்கொள்ளுங்கள். மிஞ்சுவதே ஓடாத இன்ஜினுக்கான நியாய விலை. கார் கைவசம் இருந்து எண்ணும் ஒத்துப்போனால் இந்தக் கணக்கு பொருந்தாது. அப்போது இரண்டையும் பிரிக்காமல் சேர்த்தே விற்பது நல்லது. கிராண்டில் டட்சனின் எண் பதிவாகியிருந்தால், மைனர் இன்ஜினைத் திரும்பப் பொருத்த ஜேபிஜே அனுமதியும் வாகனப் பரிசோதனையும் தேவை என்பதை வாங்குபவரிடம் மறைக்காமல் சொல்ல வேண்டும். எண் இன்னும் கிராண்டில் இருக்கும் இன்ஜினை விற்றால், யாருக்கு, எந்தத் தேதியில் என்று ரசீது எழுதி வைத்துக்கொள்வது பின்னால் வரும் தலைவலியைத் தவிர்க்கும்.

டைனமோ, டிஸ்ட்ரிபியூட்டர், ஸ்டார்ட்டர், எஸ்யூ கார்பரேட்டர் எதையும் தனியே கழற்றி வீசாதீர்கள். கார்பரேட்டரின் மேல் ஸ்க்ரூவில் தொங்கும் சிறு பித்தளைத் தகட்டையும் அங்கேயே விட்டுவிடுங்கள். அது எந்தக் காருக்குச் செய்த கார்பரேட்டர் என்பதை அந்தத் தகட்டின் எண்தான் சொல்லும்.