பன்னிருமுகியும் அது கிடந்த குழியும்

மெட்டல் டிடெக்டரோடு வயலில் இறங்குகிறவர் எதையாவது தோண்டி எடுத்ததும் கேட்கிற முதல் கேள்வி, 'இது என்ன?' மண்ணைத் துடைத்து உள்ளங்கையில் வைத்துத் திருப்பிப் பார்த்தால் வடிவமே விடை சொல்லிவிடும் என்கிற நம்பிக்கை அந்தக் கேள்விக்குள் ஒளிந்திருக்கிறது. நாணயமோ கொக்கியோ என்றால் சொல்லிவிடும்தான். ரோமானியப் பன்னிருமுகியின் வடிவம் ஏறக்குறைய மூன்று நூற்றாண்டுகளாக எதையும் சொல்லவில்லை. இனியும் சொல்லாது என்பதே என் வாதம். வடிவத்தைப் பிடித்துக்கொண்டு கிளம்பிய விளக்கங்கள் ஒன்றையொன்று வெட்டுகின்றன. நம்பத்தக்க சான்று அதன் உலோகத்திலும், அது கிடந்த மண்ணிலும், அது கிடைக்காத ஊர்களிலும் இருக்கிறது.

பொருள் இதுதான்: வெண்கலத்தில் வார்த்த, உள்ளே வெறுமையான ஒரு கூடு. 12 ஐங்கோண முகங்கள். ஒவ்வொன்றின் நடுவிலும் ஒரு வட்டத் துளை. துளையின் அகலம் முகத்துக்கு முகம் மாறும். முகங்கள் கூடுகிற 20 மூலைகளிலும் சிறு குமிழ்கள். எலுமிச்சை அளவிலிருந்து பெரிய மாதுளை அளவு வரை, அதாவது சுமார் 4 முதல் 11 செ.மீ. வரை உண்டு. எழுத்து இல்லை, எண் இல்லை. 1739-இல் இங்கிலாந்தின் ஹார்ட்ஃபோர்டுஷையரில் ஆஸ்டன் என்ற ஊரில் கிடைத்தது பற்றிய குறிப்பே முதற்பதிவு. இன்று நூற்றுக்கும் மேற்பட்டவை தெரியவந்துள்ளன. பொதுவாகக் கி.பி. 2 முதல் 4-ஆம் நூற்றாண்டு வரையிலான காலம் இவற்றுக்குச் சொல்லப்படுகிறது. அக்காலத்து லத்தீன், கிரேக்க நூல்கள் எதிலும் இதைப் பற்றிப் பேச்சே இல்லை.

விளக்கங்களுக்குப் பஞ்சமில்லை. மெழுகுவர்த்தித் தாங்கி, பகடை, தடியின் தலைப்பூண், விதைக்கும் நாளைச் சூரியக் கோணத்தால் கணிக்கும் கருவி என்று பட்டியல் நீளும். அண்மைக் காலத்தில் அதிகம் பரவியது கையுறை பின்னும் அச்சு என்ற விளக்கம். குமிழ்களில் நூலைச் சுற்றிப் பின்னினால் விரலுறை வருகிறது. வருவதைச் செய்தும் காட்டியிருக்கிறார்கள். வெவ்வேறு விரலுக்கு வெவ்வேறு துளை என்பது அவர்கள் கணக்கு. இங்கே சற்று நின்று பார்க்க வேண்டும். பின்னலின் சுற்றளவைத் தீர்மானிப்பது ஐந்து குமிழ்களுக்கு இடையிலான தூரம். துளையின் அகலம் அல்ல. ஒழுங்கான பன்னிருமுகியில் அந்தத் தூரம் எல்லா முகத்திலும் ஒன்றே. ஆகவே எந்தத் துளையின் மேல் பின்னினாலும் விரலுறை ஒரே அளவில்தான் வரும். பன்னிரண்டு துளைகளை வெவ்வேறு அளவில் செய்த பாடு அத்தனையும் வீண் என்றாகிறது. ஒரு பொருளைக் கொண்டு ஒரு வேலையைச் செய்ய முடிகிறது என்பதனாலேயே அது அந்த வேலைக்காகப் பிறந்தது என்று ஆகிவிடாது. அம்மிக்குழவியால் ஆணி அடிக்கலாம்.

தூரம் அளக்கும் படைக்கருவி என்ற விளக்கத்தை வீழ்த்துவது வரைபடம். பிரிட்டன், பிரான்ஸ், பெல்ஜியம், நெதர்லாந்து, ஜெர்மனி, சுவிட்சர்லாந்து என்று பேரரசின் வடமேற்கில்தான் இவை குவிந்து கிடக்கின்றன. ஹங்கேரிவரை சில உண்டு. இத்தாலியில் கிடைக்கவில்லை, ஸ்பெயினில் கிடைக்கவில்லை. ரோமானியப் படை சிரியாவிலும் ஆப்பிரிக்காவிலும்தான் முகாமிட்டிருந்தது. அங்கே தூரம் அளக்கத் தேவையில்லாமலா போயிற்று? அளவுகோல் என்றால் ஒன்றுக்கொன்று ஒத்த அளவு வேண்டும், அதுவும் இல்லை. கோல் (Gaul) நாட்டுப் பழக்கம் ஊறிய பகுதிகளுக்கே உரிய பொருள் இது என்பது வரை வரைபடம் நம்மைக் கொண்டுவந்து விடுகிறது.

அடுத்து உலோகம். 2023 கோடையில் லிங்கன்ஷையரின் நார்ட்டன் டிஸ்னி கிராமத்தில் உள்ளூர் ஆர்வலர் குழு ஒன்று அகழ்ந்தபோது முழுசாக ஒரு பன்னிருமுகி கிடைத்தது. உயரம் சுமார் 8 செ.மீ., எடை 254 கிராம். செம்பு 75, வெள்ளீயம் 7, ஈயம் 18 விழுக்காடு. ஈயம் இவ்வளவு சேர்ந்தால் உருகிய வெண்கலம் அச்சின் மெல்லிய இடுக்குகளிலும் எளிதாக ஓடும். ஆனால் பொருள் அடி தாங்காது, உரசினால் தேயும். துளை விளிம்பில் கோலோ கயிறோ நாள்தோறும் உரசியிருந்தால் தடம் பதிந்திருக்க வேண்டும். அப்படி ஒன்றும் தெரியவில்லை. செய்தவர் கைத்திறன் மிக்கவர், வைத்திருந்தவர் பத்திரமாக வைத்திருந்தார் என்றே இதைப் படிக்கிறேன்.

நார்ட்டன் டிஸ்னிக் கண்டுபிடிப்பின் மதிப்பு அதன் அழகில் இல்லை, அது கிடந்த நிலையில் இருக்கிறது. ஒரு பெருங்குழியில், 4-ஆம் நூற்றாண்டு மட்பாண்டங்களோடு, வேண்டுமென்றே வைத்ததுபோல அது கிடந்தது. ஜெர்மனியின் கெல்லப்பில் ஒரு பெண்ணின் கல்லறையிலிருந்து ஒன்று வந்தது. நாணயப் புதையல்களோடும் சில கிடைத்துள்ளன. இவற்றை வைத்துச் 'சடங்குப் பொருள்' என்று எழுதிவிடலாம். விளங்காததை எல்லாம் சடங்கின் தலையில் கட்டுவது தொல்லியலாளர்களின் பழைய வழக்கம். நான் அவ்வளவு தூரம் போக மாட்டேன். கல்லறை, புதையல், குழி மூன்றும் சேர்ந்து நிறுவுவது ஒன்றுதான்: அதை உடையவர்கள் காசுக்கு நிகராக மதித்தார்கள், பட்டறைச் சாமானைப் போலத் தூக்கி எறியவில்லை.

இப்படிக் கிடந்த நிலை தெரிந்த பன்னிருமுகிகள் குறைவு. பல வெறும் பொருளாகவே அருங்காட்சியகம் சேர்ந்தன. இங்கிலாந்தில் சட்டமும் நெடுங்காலம் உலோகத்தின் விலையையே பார்த்தது. 2010-இல் கம்பிரியாவின் கிராஸ்பி காரட்டில் மெட்டல் டிடெக்டரில் சிக்கிய ரோமானிய முகமூடித் தலைக்கவசம், பன்னிருமுகியைப் போலவே தங்கமோ வெள்ளியோ அல்லாத ஒற்றைப் பொருள் என்பதால், 1996-ஆம் ஆண்டுப் புதையல் சட்டத்துக்குள் வரவில்லை. 20 லட்சம் பவுண்டுக்கு மேல் ஏலம் போய்த் தனியார் கைக்குச் சென்றது. தனிச்சிறப்புள்ள பிற உலோகப் பொருள்களையும் அச்சட்டம் தழுவியது 2023-இல்தான்.

பெல்ஜியத்தின் கோர்டெசம் வயலில் கிடைத்ததோ பன்னிருமுகியின் ஒரு துண்டு மட்டும். மெட்டல் டிடெக்டரோடு போனவர் அதை அடையாளம் கண்டு, கிடைத்த இடத்தையும் துறையினரிடம் சொன்னார். துண்டு டொங்கரன் நகரின் அருங்காட்சியகத்துக்குப் போயிற்று. 1939-இல் அந்நகர மதிலுக்கு வெளியே கிடைத்த முழுப் பன்னிருமுகி ஏற்கெனவே அங்கே இருக்கிறது. அதைப் பார்த்தவர்கள் துண்டைப் பார்த்து நிற்பது அபூர்வமாக இருக்கலாம். ஆனால் இடம் தெரிந்ததால் ஆய்வாளர்கள் அந்த வயலுக்குத் திரும்பிப் போனார்கள். அங்கே சுவரோவியச் சில்லுகள் கிடைத்தன. ரோமானியர் காலத்து மாளிகை ஒன்று அங்கே நின்றிருக்கலாம்.