ஆரணித் தறிவீட்டின் வெளிச்சக் கணக்கு

ஆரணி என்றதும் பட்டுப் புடவையையும் அரிசியையும் நினைக்கிற வெளியூரார், கமண்டல நாகநதிக் கரையிலுள்ள அந்த ஊரின் தறிவீடுகளில், வெளிச்சத்துக்கென்று எவ்வளவு செலவாகிறது என்பதைப் பெரும்பாலும் நினைத்துப் பார்ப்பதில்லை. கூலிக்கு நெய்கிறவனுக்குப் பட்டும் ஜரிகையும் முதலாளி வீட்டிலிருந்தோ கூட்டுறவுச் சங்கத்திலிருந்தோ நிறுத்துக் கொடுக்கப்படுகின்றன. புடவை முடிந்ததும் எடை பார்த்து வாங்கிக்கொள்ளப்படுகிறது. இடையிலே அவன் தன் மடியிலிருந்து எடுத்துப் போடுவது தன் வீட்டார் உழைப்பும், தறி நிற்கும் இடமும், அந்தத் தறிமேல் விழும் வெளிச்சமுமே ஆகும். ஆகையால் வெளிச்சம் விலை ஏறினால் அந்த ஏற்றம் புடவை விலையில் போய்ச் சேருவதில்லை. நேரே அவன் கூலியில் குறைகிறது. இந்த ஒரு விஷயத்தை மனத்தில் கொள்ளாதவர்களுக்கு நெசவாளர் தெருக்களில் மின்கட்டணத்தைப் பற்றி எழும் கவலையின் ஆழம் விளங்காது.

முற்காலத்தில் நெசவு பகலின் தொழிலாகவே இருந்தது. விடியுமுன் தெருவிலே பாவை நீட்டி, வெயில் ஏறுவதற்குள் வேலையை முடித்துக்கொள்வதும், குழித்தறியைச் சாளரத்தின் அருகே அமைப்பதும், ஓட்டுக் கூரையின் நடுவே ஒன்றிரண்டு கண்ணாடி ஓடுகளைப் பதித்துச் சூரிய வெளிச்சத்தை நேரே நெய்யும் துணியின்மேல் இறக்குவதும் செலவில்லாத உபாயங்கள். ஆனால் தீபாவளியும் முகூர்த்த மாதங்களும் பகலோடு திருப்தி அடைவதில்லை. ராத்திரி நெசவுக்கு முதலில் ஆமணக்கெண்ணெய் விளக்கும், பிறகு மண்ணெண்ணெய் விளக்கும் உதவின. பட்டுக்குப் பக்கத்தில் மண்ணெண்ணெய் விளக்கை வைப்பது எவ்வளவு ஜாக்கிரதையான காரியம் என்பது தறியில் உட்கார்ந்தவர்களுக்கே தெரியும். சிம்னியின் கரி ஒரு பொட்டு விழுந்தாலும் அரக்குச் சிவப்பில் அது மறையாது. கறுப்பும் மயில்கழுத்து நிறமும் கொண்ட உடலை அந்த மங்கலில் நெய்யும்போது அறுந்த இழை கண்ணுக்குத் தட்டாமல் போய், மறுநாள் காலையில்தான் குறை தெரியவரும். 1942-ல் பர்மா ஜப்பானியர் வசமானபின் மண்ணெண்ணெய் அருமையாகிப் பங்கீட்டுக்கு உட்பட்டது. வெளிச்சம் குறைந்தபோது நெசவு நேரமும் அதோடு குறைந்தது.

சென்னை ராஜதானியில் நீரிலிருந்து மின்சாரம் எடுக்கும் பெருமுயற்சி 1932-ல் பைக்காராவில் பலித்தது. மேட்டூர் மின்நிலையம் 1937-ல் இயங்கத் தொடங்கி வட ஆற்காடு ஜில்லாவுக்கும் மின்சாரம் வர வழி செய்தது. 1957 ஜூலை 1-ல் மின்வாரியம் ஏற்பட்ட பிறகு சிற்றூர்களுக்குக் கம்பி இழுக்கும் வேலை துரிதப்பட்டது. தறிக்குழிக்கு மேலே, வாரையிலிருந்து ஒரு வயரில் தொங்கும் பல்பை, அச்சுப் பலகைக்கு நேராக ஒரு கயிற்றால் இழுத்துக் கட்டிக்கொள்ளும் வழக்கம் தறிவீடுகளில் அப்படித்தான் பரவியது. நாற்பது வாட் பல்பு இருபத்தைந்து மணி நேரம் எரிந்தால் ஒரு யூனிட். மண்ணெண்ணெயின் புகையையும் பயத்தையும் அறிந்த தலைமுறைக்கு அது மகா அனுக்கிரகமாகவே தோன்றியிருக்க வேண்டும்.

இங்கே கட்டணத்தின் சரித்திரத்தில் மிக நியாயமான ஓர் ஏற்பாட்டைச் சொல்லியாக வேண்டும். மேல்நாடுகளில் சில இடங்களில் குடித்தனக்காரர் பல கம்பெனிகளின் கட்டண முறைகளை ஒப்பிட்டுத் தமக்குச் சாதகமானதைத் தேர்ந்துகொள்கிறார்கள். தமிழ்நாட்டில் அந்தத் தேர்வு இல்லை. விற்பவர் ஒருவரே. ஆனால் ஓர் இணைப்பு எந்தப் பெயரில் எழுதப்படுகிறது, வீடா, கடையா, தொழிற்கூடமா என்பதிலே கட்டணம் அடியோடு மாறிவிடுகிறது. நெசவாளியின் வீடோ வாசஸ்தலமும் தொழிற்சாலையும் ஒன்றேயானது. கூடத்தில் தறி, தறிக்குப் பக்கத்தில் தார் சுற்றும் ராட்டினம், அதற்கப்பால் அடுப்பங்கரை. இப்படிப்பட்ட வீட்டைத் தொழிற்கூடம் என்று பிடித்துக்கொள்ளாமல், குடியிருப்பிலே உள்ள கைத்தறிக்கு, வெளியாள் வேலை செய்தாலும்கூட, வீட்டுக் கட்டணமே பொருந்தும் என்று தமிழ்நாட்டுக் கட்டண விதி வைத்திருக்கிறது. வீட்டுக்கு வெளியே கொட்டகை போட்டு நெய்கிறவர் வெளியாளை வைத்துக்கொள்ளாத வரையில் அவருக்கும் அதே சலுகை உண்டு. நெசவைக் குடும்பத்தின் ஜீவனமாக அறிந்து எழுதப்பட்ட விதி இது.

அதற்கு மேல் 2006-ல் அரசு, கைத்தறி நெசவாளருக்கு இரண்டு மாதத்துக்கு 100 யூனிட்டும், விசைத்தறிக்கு 500 யூனிட்டும் இலவசமாக்கியது. ஐம்பது வாட் இழுக்கும் குழல்விளக்கும் எழுபத்தைந்து வாட் மின்விசிறியும் தினம் எட்டு மணி நேரம் ஓடினால் இரண்டு மாதத்தில் சுமார் அறுபது யூனிட் ஆகிறது. ஆகவே தறிக்கு வேண்டியது அந்த நூற்றிலே அடங்கிற்று. 2016-ல் எல்லா வீடுகளுக்கும் 100 யூனிட் இலவசமானபோது கைத்தறிக்கு 200, விசைத்தறிக்கு 750 என்றும், 2023 மார்ச் முதல் முறையே 300, 1,000 என்றும் உயர்ந்தன. இடையிலே 2008-ல் தொடங்கி 2012-ல் உச்சமடைந்த மின்வெட்டுக் காலத்தில், இலவசம் ஏட்டிலே இருந்தும் விளக்கு எரியாமல், நெசவாளர் மறுபடியும் கண்ணாடி ஓட்டையே நம்ப நேர்ந்தது.

இனி, பொதுவாக வீட்டுக் கட்டணம் ஏறிய விதம். 2017-ன் அட்டவணைப்படி இரண்டு மாதத்தில் 500 யூனிட் செலவழித்த வீட்டுக்கு 1,130 ரூபாய். 510 யூனிட் ஆனால் 1,846 ரூபாய்! பத்து யூனிட்டுக்கு எழுநூறு ரூபாய்க்கு மேல். காரணம், 500-ஐத் தாண்டியவுடன் கீழ்ப்படிகளின் விலையும் சேர்ந்து உயர்ந்துவிடும். 2020-ன் ஊரடங்கில் எல்லோரும் வீட்டிலே அடைபட்டிருந்தபோது எத்தனையோ குடும்பங்கள் இந்தக் கோட்டைத் தாண்டித் திகைத்துப் போயின. 2022 செப்டம்பரில் நிலைக்கட்டணம் எடுபட்டபோதிலும் அதே 500 யூனிட்டின் விலை 1,725 ரூபாயாயிற்று. 500-ஐத் தாண்டினால் விழும் பள்ளம் சிறுத்ததே தவிர அடைபடவில்லை. 2024 ஜூலையில் மறுபடி 4.83 சதவீதம் ஏறியது.

கணக்கெடுப்புக்குப் பத்து நாள் முன்பே மீட்டரைப் பார்த்து, போன தடவை அட்டையில் எழுதிய எண்ணைக் கழித்துக்கொள்ளும் பழக்கம் ஒவ்வொரு வீட்டிலும் வேண்டும் என்பது என் உறுதியான அபிப்பிராயம். கோட்டை நெருங்கிய வீடு அந்தப் பத்து நாளில் வெந்நீர்க் கலத்தையும் குளிர்சாதனத்தையும் அடக்கி, தறி விளக்கைத் தடையின்றி எரியவிடலாம். குழல்விளக்கை எடுத்துவிட்டு எல்.இ.டி. விளக்கைப் போட்டால் பாதிக்குக் குறைவான செலவில் அதே வெளிச்சம் கிடைக்கும்.

கட்டணத்தின் பெயரைப் பற்றிய கேள்வியோ இனிமேல்தான் கூர்மையடையப் போகிறது. புடவையில் பூவேலை எழுப்பும் ஜக்கார்டு பெட்டியைக் காலால் மிதித்துத் தூக்கி முழங்கால் தேய்ந்த நெசவாளர், அதைத் தூக்க மட்டும் ஒரு சிறு மோட்டாரைப் பொருத்திக்கொள்ளத் தொடங்கியிருக்கிறார்கள். அரசும் அந்தச் சாதனத்துக்கு உதவித்தொகை தருகிறது. ஊடை ஓடுவது கையால், அச்சு அடிப்பது கையால், தூக்குவது மட்டும் மின்சாரத்தால். 1985-ன் கைத்தறி ஒதுக்கீட்டுச் சட்டம் விசைத்தறியல்லாத தறியே கைத்தறி என்கிறது. அந்த வரையறையை வியாபாரிகளின் விருப்பத்துக்குத் தளர்த்தினால் விசைத்தறிப் புடவை கைத்தறிப் பெயரில் சந்தையில் புகுந்துவிடும் என்று நெசவாளர் அஞ்சுவது நியாயமே. ஆயினும் மூட்டுவலியைப் போக்க ஒரு மோட்டாரை மாட்டிய முதியவரைத் தறியோடு சேர்த்து வேறு கட்டணத்துக்குத் தள்ளுவதும், 300 யூனிட்டை அவரிடமிருந்து பறிப்பதும் நியாயமாகா. சட்டம் எழுதுகிறவர்கள் மோட்டார் எதைச் செய்கிறது, கை எதைச் செய்கிறது என்று தறியருகே உட்கார்ந்து பார்த்தே அந்த வரியை எழுத வேண்டும்.