பட்டாளத்துக்குள் திரும்பிய களரி

கூடலூர் வட்டத்து ஸ்ரீமதுரை இன்று நீலகிரி மாவட்டத்து ஊர். 1877 வரை இந்தப் பக்கமெல்லாம் மலபாரைச் சேர்ந்த தென்கிழக்கு வயநாடு. மாவட்டத்தின் மறுகோடியில், குன்னூரை அடுத்த வெலிங்டனில், மதராஸ் ரெஜிமெண்ட் சிப்பாய்கள் வாளும் கேடயமும் ஏந்திக் களரிப்பயிற்று ஆடிக்காட்டுகிறார்கள். அதன் முழுப்பொருள் விளங்க, எல்லை மாறிய இந்தச் செய்தியிலிருந்துதான் தொடங்க வேண்டும்.

மதராஸ் படையின் வரலாற்றில் தற்காப்புக் கலைகளைப் பேணும் பொறுப்பு நெடுங்காலம் யாரிடமும் இல்லை; கலையை அழிக்கும் வேலைதான் முதலில் நடந்தது. மலபாரின் பழசிராஜா கிழக்கிந்தியக் கம்பெனியை எதிர்த்து நடத்திய வயநாட்டுப் போரில் குறிச்சியப் பழங்குடியினரின் வில்லும் நாயர்களின் வாளும் கம்பெனியை ஆண்டுக்கணக்கில் அலைக்கழித்தன. 1800இல் அந்தப் போரை நடத்தும் பொறுப்பு ஆர்தர் வெல்லெஸ்லியிடம் வந்தது. காட்டுக்குள் பாதை வெட்டுவதும் காவல்நிலைகள் அமைப்பதும் அவர் வகுத்த வழி. 1804இல் மதராஸ் ஆளுநர் வில்லியம் பெண்டிங்க் மலபாரில் ஆயுதம் வைத்திருப்போருக்கு எதிராகக் கடும் ஆணை பிறப்பித்தார். 1805 நவம்பர் 30 அன்று பழசி வீழ்ந்தார். தமிழ்நாட்டுப் பக்கம் கட்டபொம்மன் 1799இலும் மருது சகோதரர்கள் 1801இலும் தூக்கிலேற்றப்பட்ட பிறகு, பாளையங்களிலும் ஆயுதங்கள் பறிக்கப்பட்டன. போருக்கென்று பழகிய களரி உழிச்சலுக்கும் வைத்தியத்துக்கும் ஒதுங்கியது; சிலம்பம் கோயில் திருவிழாவில் ஒட்டிக்கொண்டது.

அதே வெல்லெஸ்லி 1803 செப்டம்பர் 23 அன்று அஸ்ஸாயேயில் மராட்டியரை வென்றபோது, அவருக்காக நின்று மடிந்தவர்களில் மதராஸ் சிப்பாய்கள் பலர். அந்த வெற்றிக்குக் கிடைத்த யானைச் சின்னம் இன்றும் ரெஜிமெண்டின் தொப்பியில் இருக்கிறது. அவர் பின்னாளில் வெலிங்டன் கோமகன் ஆனார். ஜக்கதளா என்றிருந்த நீலகிரிப் பாசறைக்கும் அவர் பெயரே வந்தது. வயநாட்டின் ஆயுதங்களை ஒடுக்கப் புறப்பட்டவரின் பெயர் தாங்கிய மண்ணில்தான் இன்று களரி வாள் சுழல்கிறது. என்னைப் பொறுத்தவரை இந்த ஆய்வின் மையம் இதுதான்.

இடைப்பட்ட காலம் வறண்டது. சிப்பாயின் உடம்பு முழுக்கக் கவாத்துக்கு உரியதென்று கம்பெனி நினைத்தது. நெற்றிக்குறியிலும் தாடியிலும் தலைப்பாகையிலும் கைவைத்ததால் 1806இல் வேலூரில் புரட்சியே வெடித்தது. பிறகு 'போர்க்குலம்' என்னும் கோட்பாடு வந்தது. 1881 முதல் 1885 வரை மதராஸ் படைத்தலைவராக இருந்த ராபர்ட்ஸ், தென்னாட்டவரைப் போருக்கு லாயக்கற்றவர்கள் என்று கருதினார். பட்டாளங்கள் ஒவ்வொன்றாகக் குறைக்கப்பட்டு 1928க்குள் கலைந்தன. இரண்டாம் உலகப் போர் வந்த பிறகுதான் ரெஜிமெண்டுக்கு மறுபடி உயிர் வந்தது. அதன் பயிற்சி மையம் 1947இல் வெலிங்டனுக்கு இடம் மாறியது. படைக்குள் போட்டி விளையாட்டாக வளர்ந்தவை குத்துச்சண்டை, மல்யுத்தம் போன்றவையே.

களரி உள்ளே வர வாசல் திருவிதாங்கூரில் திறந்தது என்பது என் கருத்து. 1741இல் குளச்சலில் டச்சுக்காரரை முறியடித்த மார்த்தாண்டவர்மாவின் படை, 1830இல் நாயர் பிரிகேட் என்று பெயர் பெற்றது. விடுதலைக்குப் பின் அதன் பட்டாளங்கள் மதராஸ் ரெஜிமெண்டோடு இணைந்தன. குடும்பத்தில் களரி நினைவு அறுபடாத பிள்ளைகள் அந்த வழியில் வந்திருப்பார்கள்.

மரபில் இந்தக் கலையைப் பழகும் இடம் குழிக்களரி. அதன் அளவு 42 அடி நீளம், 21 அடி அகலம். தரையைத் தோண்டி இறக்கியிருப்பார்கள். தென்மேற்கு மூலையில் ஏழு படிகளோடு பூத்தறை என்னும் வழிபாட்டு மேடை. நுழைகிறவன் மண்ணைத் தொட்டு நெற்றியில் ஒற்றிக்கொண்டே இறங்குவான். மெய்ப்பயிற்று, கம்புக்கான கோல்தாரி, உலோக ஆயுதங்களுக்கான அங்கத்தாரி, வெறுங்கை என்று வரிசையாகப் பழகினால்தான் உடம்பு முழுதும் கண்ணாகும் என்பார்கள் ஆசான்கள். வெலிங்டனில் அந்தக் கலை திறந்த மைதானத்துக்கு ஏறி வந்திருக்கிறது. விழா நாட்களில், விருந்தினர் முன்னிலையில், செண்டை முழங்க ஆடுகிறார்கள். குழியில் ஆசானும் மாணவனும் மட்டும் அறிந்த அடிகளை எட்டத்தில் இருப்பவருக்கும் தெரிய விரித்து ஆட வேண்டியிருக்கிறது. இழப்புதான், ஆனாலும் இதனால்தான் கலை படைக்குள் தங்கியது. "வீர மதராசி, அடி கொல்லு, அடி கொல்லு" என்ற போர்முழக்கத்தில் 'கொல்லு' என்பதைத் தமிழன் தமிழாகவும் மலையாளி மலையாளமாகவும் கேட்டுக்கொள்கிறான். களரியும் அப்படித்தான் இருவருக்கும் பொது.

2020 ஜூனில் இந்திய, சீனப் படைகளுக்கிடையே கல்வானில் நடந்த மோதல் துப்பாக்கியில்லாத நேரடிச் சண்டைக்கு மறுபடி மதிப்புத் தந்தது. எல்லைக் கோட்டருகே துப்பாக்கியால் சுடக் கூடாது என்ற 1996 உடன்பாட்டால் தடியும் கல்லுமே அங்கே ஆயுதமாயின. அதன் பிறகு 'அமர்' என்ற தற்காப்புப் பயிற்சிமுறையை இராணுவம் கொண்டுவந்திருக்கிறது. காட்சிக்கு என்று ஒதுக்கிவைத்த களரியின் வெறுங்கைப் பாடங்களையும் சிலம்பத்தின் கம்புவீச்சையும் வெலிங்டன் தன் அன்றாடப் பயிற்சிக்குள் எடுத்துக்கொள்ள இதைவிடப் பொருத்தமான நேரம் வராது. 2024 ஜனவரியில் தமிழகத்தில் நடந்த கேலோ இந்தியா போட்டிகளில் சிலம்பம் காட்சி விளையாட்டாக இடம்பெற்றது. பட்டாளத்தில் அதற்கான இடம் இன்னும் காலியாகவே இருக்கிறது.