நீர்க்கரடியின் நகம்

பாசியில் வாழும் நீர்க்கரடி பெரும்பாலும் அரை மில்லிமீட்டருக்கு மேல் இராது, கால்களோ எட்டு! காய்ந்து சுருண்டாலும், பனியில் உறைந்தாலும், பல சமயம் ஈரம் பட்டதும் எழுந்து நடக்கும். 1907-ல் ஷாக்கிள்டன் குழுவோடு தென்துருவப் பிரதேசம் போன ஸ்காட்லாந்துக்காரர் ஜேம்ஸ் மர்ரே இவற்றைத் தேடித் தேடி ஆராய்ந்தவர். 1914-ல் வடதுருவக் கடலில் 'கார்லுக்' கப்பல் பனியில் நொறுங்கியது. மூன்று தோழர்களுடன் கரை தேடி நடந்த மர்ரே திரும்பவே இல்லை.

அவர் கண்ணாடிச் சில்லுகளில் பதித்தவை எடின்பரோ அருங்காட்சியகத்துக்கு வந்து சேர்ந்தன. இவற்றை எந்த ஈரமும் எழுப்பாது, பாவம். பதித்த பசையும் நாளடைவில் வறளக்கூடியது. அதனால்தான் இத்தகைய பழைய சில்லுகளை மைக்ராஸ்கோப்பில் அடுக்கடுக்காகப் படமெடுத்து, கம்ப்யூட்டரில் ஒன்றாக்குகிறார்கள். இனத்தைக் காட்டிக்கொடுப்பதில் கால்நகத்துக்குப் பெரும் பங்கு உண்டு. அது மங்குமுன் படமாகிவிட வேண்டும்.