இறகிழந்த கிளிகள்

கூண்டுக் கிளி இறகுதிர்ந்து நின்றால் வளர்ப்பவரைக் குறைகூறுவது உலக வழக்கம். பல வேளைகளில் அது பொருந்தும். தனிமையில் வாடும் கிளி தன் இறகைத் தானே பிடுங்கிக்கொள்வதுண்டு. ஆனால், நேயர்களே, கூண்டையே அறியாத கிளிகளும் இறகிழந்திருக்கின்றன.

தென் ஆஸ்திரேலியாவில், அடிலெய்டு நகரையடுத்த குன்றுகளில், 1888-ஆம் ஆண்டளவில் காட்டுக் கிளிகள் இறகின்றிக் காணப்பட்டன. எட்வின் ஆஷ்பி என்னும் பறவை ஆர்வலர் 1907-இல் இதனைக் குறித்து வைத்தார். அங்கே எவருடைய கவனக்குறைவைப் பழிப்பது? விடை கிடைக்க நெடுங்காலம் சென்றது. 1970-களில் சிட்னியின் கால்நடை மருத்துவர் ராஸ் பெரி, இறகுடன் அலகும் சிதைந்த காக்கட்டூக் கிளிகளை ஆராய்ந்தார். 1984-இல் அவரும் பாஸ் என்பாரும் இந்நோயின் இயல்பை விரிவாக வெளியிட்டனர். இறகு முளைக்கும் குழியையே தாக்கும் மிகச்சிறு வைரஸ் இதற்குக் காரணமென்பது பின்னர்த் தெளிவாயிற்று. இறகுத் தூசியிலும் எச்சத்திலும் அது பரவும். தீர்க்கும் மருந்து இன்றுமில்லை. 1980-களில் இருபதுக்கும் குறைவாக அருகி, அரும்பாடுபட்டுப் பெருக்கப்பட்ட மொரீசியஸ் தீவின் பச்சைக்கிளி இனத்தையும், 2005-ஆம் ஆண்டளவில் இந்நோய் தாக்கியது.

பிடுங்கிய இறகா, நோயால் உதிர்ந்ததா என்றறியத் தலையைப் பாருங்கள். தன் தலையைத் தன் அலகால் எட்ட எக்கிளிக்கும் இயலாது. கொத்துவதற்குத் துணைக்கிளி இல்லாதபோதும் தலை இறகு உதிர்ந்தால், மருத்துவரிடம் காட்டிக் குருதியையும் இறகையும் சோதித்தல் வேண்டும். முடிவு தெரியும்வரை அக்கிளி தனியே இருக்கட்டும்.