மரத்தடியில ஒரு வாளித் தண்ணி

டிசம்பர் வந்தாச்சுங்க. நான் இருக்கிற அமெரிக்க ஊர்ல நாலு காருக்கு ஒண்ணு கூரை மேல மரத்தைக் கட்டிக்கிட்டுப் போகுது. நிஜ மரத்தை வீட்டுக்குள்ள வச்சு விளக்கேத்துற இந்தக் கிறிஸ்துமஸ் பழக்கம் எங்க இருந்து வந்ததுன்னு கொஞ்சம் தோண்டினேன். கூடவே ஒரு வாளித் தண்ணியும் கிடைச்சது.

1605-ல ஸ்ட்ராஸ்பர்க் நகரத்து வீடுகள்ல மரம் வச்சு, காகித ரோஜா, ஆப்பிள், இனிப்பெல்லாம் தொங்கவிட்டதா ஒரு பழைய குறிப்பு இருக்கு. அதுல மெழுகுவர்த்தி பேச்சே இல்ல. அது அப்புறமா வந்து சேர்ந்தது. 1848-ல 'இல்லஸ்ட்ரேட்டட் லண்டன் நியூஸ்', விக்டோரியா ராணி குடும்பம் மெழுகுவர்த்தி மரத்தைச் சுத்தி நிக்கிற படத்தைப் போட்டுச்சு. 1850-ல அமெரிக்காவோட 'கோடீஸ் லேடீஸ் புக்' அதே படத்துல ராணியோட கிரீடத்தையும் ஆல்பர்ட்டோட மீசையையும் எடுத்துட்டு, உள்ளூர்க் குடும்பம் மாதிரி போட்டுடுச்சு. சுட்டுப் போடுறது அப்பவே இருந்திருக்கு பாருங்க :-)

பிசின் நிறைஞ்ச ஊசியிலை மரம், அதுல நெருப்பு. பயம் இருக்காதா? அதனால மெழுகுவர்த்தியைக் கொஞ்ச நேரம்தான் எரிய விடுவாங்க. பக்கத்துல வாளி நிறைய தண்ணி, குச்சி நுனியில ஈரப் பஞ்சு, கூடவே ஒரு ஆள் காவல்.

1882-ல எடிசனோட கூட்டாளி எட்வர்ட் ஜான்சன், நியூயார்க்ல தன் வீட்டு மரத்துல சிவப்பு, வெள்ளை, நீலம்னு 80 மின்விளக்கு மாட்டினார். 1903-ல ஜெனரல் எலக்ட்ரிக் ரெடிமேட் விளக்குச் சரமே விற்க ஆரம்பிச்சது. மெழுகுவர்த்தி மெல்ல மறைஞ்சது. வாளியும் போச்சு.

ஆனா மரம் அதே மரம்தானே? அமெரிக்க அரசோட 'நிஸ்ட்' நிறுவனம் எரிச்சுப் பார்த்திருக்கு. காய்ஞ்ச மரம் ஒரு நிமிஷத்துக்குள்ள முழுசா பத்திக்குது. நல்லா தண்ணி குடிச்ச மரத்துல லேசுல தீப்பிடிக்கல. மின்சாரம் வந்தாலும் நம்மைக் காப்பாத்துறது தண்ணிதான்.

அதனால வாங்கும்போது கிளையை விரலால உருவிப் பாருங்க. பச்சை ஊசி கொட்டினா அது பழைய சரக்கு. ஃப்ரேசர் ஃபிர் வகையில ஊசி ரொம்ப நாள் நிக்கும். வீட்டுக்கு வந்ததும் அடியில ஒரு இஞ்ச் அறுத்துட்டு உடனே தண்ணித் தொட்டியில நிறுத்துங்க. விட்டா வெட்டுவாயைப் பிசின் அடைச்சுடும். முதல் நாளே நாலு லிட்டர் குடிச்சாலும் குடிக்கும். ஹீட்டர் பக்கம் வேண்டாம். தூங்கப் போகும்போது விளக்கை அணைச்சுடுங்க.

போன வருஷம் நண்பர் வீட்டு மரம் ஜெகஜோதியா மின்னிச்சு. குனிஞ்சு தொட்டியில கை விட்டேன். பொட்டுத் தண்ணி இல்ல. அந்தக் காலத்து வாளி பக்கத்துல இருந்து மரத்தடிக்கு வந்துடுச்சு, அவ்ளோதான். அதுக்குக் காவல் நின்ன ஆளைத்தான் காணோம்.